ஒன்பதாம் வரிசையும் ஓவியர் வரைந்த கடலும்

சாண்ட்கெர்க், வால்கெரன் தீவு
22 அக்டோபர் 1914

என் அன்பு மகள் நெல்லாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை இசாக்கும் குட்டி லெனாவும் நன்றாக இருப்பதாக உன் ஆகஸ்ட் கடிதம் சொல்கிறது, அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கடிதத்தின் உறை ஓரத்தில் பசை இரண்டு முறை தடவினது போல இருந்தது, வழியில் யாரோ பிரித்துப் படித்திருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். உன் அம்மா அதெல்லாம் இல்லை என்கிறாள், "அவ சின்ன வயசுலேருந்தே பசையை அள்ளித்தான் பூசுவா, பாதிப் பசை பாவாடையிலதான் இருக்கும்" என்கிறாள். இருந்தாலும் இனிமேல் உறையின் வாயில் உன் பெயரைக் குறுக்காக எழுதி ஒட்டு, யார் பிரித்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். உன் தம்பி யோப்பைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள் அல்லவா, அவன் பிரபாந்த் எல்லையில் ஏதோ ஒரு பாலத்தைக் காவல் காக்கிறான். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று ஒரே கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறான், அதனால் சரியாகச் சாப்பிடவில்லை என்று தெரிகிறது, பன்றிக்கொழுப்பும் கம்பளிக் காலுறையும் அனுப்பியிருக்கிறோம். மாடு இந்த வருஷம் தாமதமாகத்தான் சினையாகியிருக்கிறது. மாடி அறையில், ஜெர்மானியர் பிடித்துவிட்ட ஆன்ட்வெர்ப்பிலிருந்து தப்பி வந்த ஒரு பெல்ஜியக்காரியும் அவளுடைய இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள், பாவம், ஒரு தலையணை உறைக்குள் மொத்தக் குடித்தனத்தையும் கட்டிக்கொண்டு வந்தாள். முதல் வாரம் நான் கரண்டிகளை எண்ணி வைத்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒன்றும் குறையவில்லை. லெனாவுக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், அங்கே விற்கிற டப்பா இறைச்சியை அவளுக்குக் கொடுக்காதே, உள்ளே என்ன இருக்கிறது என்று மூடினவனுக்குத்தான் தெரியும், பாலையும் இரண்டு கொதி வரும்வரை காய்ச்சு.

இதையெல்லாம் சொல்லத்தான் மையைத் தொட்டேன் என்று நினைக்காதே. ஒரு விஷயம் இருக்கிறது, மிஷிகனில் உன் சபையில் பாதிப் பேர் நம் தீவுக்காரர்கள், இங்கிருந்து யாராவது அவர்களுக்கு எழுதாமல் இருக்க மாட்டார்கள், வேறு வாயிலிருந்து உன் காதுக்கு வருவதற்கு முன்னால் என் கையிலிருந்து வரட்டும் என்றுதான் நாலு நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன். நம் மாடி அறையில் கோடையில் வந்து தங்குவாரே ஓவியர் வெயர்மன், அவரை நீ மறந்திருக்க மாட்டாய், நீ காப்பி கொண்டுபோய்க் கொடுத்தால் எழுந்து நின்று வாங்கிக்கொள்வார். நீ இங்கே இருந்த வருஷம் அவர் வரைந்த கடல் கடல் மாதிரியே இருந்தது, படகு இருந்தது, பாயில் ஒட்டுத்துணி கூட இருந்தது, குளிக்க வருகிற நகரத்துச் சீமாட்டிகள் போட்டி போட்டு வாங்கினார்கள். நீ கப்பலேறின பிறகு ஒவ்வொரு வருஷமும் படத்தில் ஒன்று குறைந்துகொண்டே வந்தது. முதலில் படகுகள் போயின, அடுத்த வருஷம் மணல்மேடு போனது, போன வருஷம் நீலம் பச்சை எல்லாம் போய்ச் சாம்பல் மட்டும் மிஞ்சியது, இந்த வருஷம் கடலையே காணோம். மே மாதம் ஜன்னல் தாழ்ப்பாளைச் சரிசெய்ய மாடிக்குப் போனேன், அங்கே முட்டை வடிவத்தில் ஒரு பெரிய சாம்பல் நிறம், அதற்குள் சின்னச் சின்னதாகக் கறுப்புக் கோடுகள், சில நின்றன, சில படுத்திருந்தன, சில ஒன்றையொன்று குறுக்கே வெட்டின, அவ்வளவுதான். இது என்ன என்று கேட்டேன். "கடல்தான், மிண்டர்ஹவுட். நம்ம கம்பவரிசையும் கடலும்" என்றார். நான் தாழ்ப்பாளைப் பாதியில் விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும், சின்னப் பிள்ளையில் என் மடியில் உட்கார்ந்து கரைக்காப்பு வாரியத்துப் பதிவேட்டை நீ எத்தனை முறை பார்த்திருப்பாய். நீரோட்டத்தின் வேகத்தை உடைக்கக் கடலணையின் அடியிலிருந்து கடலுக்குள் ஓடுகிற ஒவ்வொரு கம்பவரிசைக்கும் ஒரு பக்கம், நல்ல கம்பத்துக்கு நிற்கும் கோடு, விழுந்ததற்குப் படுத்த கோடு, புழு துளைத்து மாற்ற வேண்டியதற்குக் குறுக்குக் கோடு. வசந்தத்தில் ஒரு முறையும் இலையுதிர் காலத்தில் ஒரு முறையும் மேஸ்திரி நீர் வற்றும் நேரத்தில் ஒவ்வொரு கம்பமாகத் தட்டிப் பார்த்துக் கோடு போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும், அந்த மேஸ்திரி இருபத்தாறு வருஷமாக உன் அப்பா. அந்தப் படத்தில் இருந்ததும் அதே கோடுகள்தான். ஒரு ஓவியருக்கு இந்த எழுத்து எங்கிருந்து தெரியும்? அவர் தினமும் நீர் வற்றும்போது ஒன்பதாம் வரிசைப் பக்கம் போய், கையடக்க நோட்டில் குச்சி குச்சியாகக் கிறுக்கிக்கொண்டு நிற்பதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து அவர் மேல் ஒரு கண் வைத்தேன். யாருக்குக் கடிதம் எழுதுகிறார், யாரிடமிருந்து வருகிறது, ஏன் மீன் விலை கேட்காமல் வாங்குகிறார், ஏன் சபைக்கு வருவதில்லை, எல்லாவற்றையும் கவனித்தேன். உன் அம்மா, "அந்த மனுஷன் பாட்டுக்கு வந்து நிக்கிறார், போறார், உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டாள். எனக்கு என்ன வந்தது என்பதை அவளிடம் சொல்ல முடியாது, ஏனென்றால் வாரியம்தான் ரகசியமாக ஆள் வைத்து என் வேலையைச் சோதிக்கிறது என்று நான் நம்பினேன். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்.

கனம் இதுதான், நெல்லா. இரண்டு வருஷத்துக்கு முன், இலையுதிர் காலத்தில், ஒன்பதாம் வரிசையின் கடல் முனையில் பாசிக்கல்லில் வழுக்கி விழுந்தேன். முழங்கால் வீங்கியதை உனக்கு எழுதினேன், மற்றதை எழுதவில்லை. கால் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டது, தண்ணீர் ஏற ஆரம்பித்தது, இடுப்புக்கு வந்த பிறகுதான் பூட்ஸைக் கழற்றிக் காலை உருவினேன். முழங்கால் ஆறு வாரத்தில் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. அதற்குப் பிறகு அந்த முனைக்கு என்னால் போக முடியவில்லை, பாதி தூரம் போவேன், கல்லின் மேல் தண்ணீர் மினுங்குவதைப் பார்த்ததும் திரும்பிவிடுவேன். கடைசி நாற்பத்தெட்டு கம்பங்களுக்கு வீட்டில் உட்கார்ந்து நிற்கும் கோடு போட்டேன், மூன்று தடவை அப்படிப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். பழுது பார்க்கிற ஆட்கள் நான் கைகாட்டுகிற இடத்தில்தான் வேலை செய்வார்கள், அதனால் அங்கே யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த முனை போனால் நீரோட்டம் நேராக அணையின் காலை அரிக்கும், அணைக்குக் கீழே பள்ளிக்கூடம் இருக்கிறது, உன் பெரியம்மா வீடு இருக்கிறது, நம் வீடும் இருக்கிறது. இதையெல்லாம் தெரிந்தேதான் செய்தேன். வேலையை விட்டிருக்கலாம், ஆனால் மேஸ்திரிக்குத்தான் இந்த வீடு, வேலை போனால் வீடும் போகும், அதோடு கடலுக்குப் பயப்படுகிற அணை மேஸ்திரி என்று ஊர் சிரிக்கும்.

ஆகஸ்டில் சண்டை மூண்டது, நம் நாடு அதில் சேரவில்லை என்றாலும் நம் கடற்கரையிலும் பட்டாளம் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியது, கரையைப் படம் எடுக்கிற வரைகிற அந்நியர் யாராக இருந்தாலும் தெரிவிக்க வேண்டும் என்று சபைக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். நான் போய்த் தெரிவித்தேன். கடமை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உண்மையில் அந்தப் படம் என் தலைக்கு மேல் மாடியில் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஓவியர் ஆம்ஸ்டர்டாம்காரர், நம் நாட்டுக்காரர், இருந்தும் ஜெர்மானியனுக்கு வேலை செய்தால் என்ன, ஆங்கிலேயனுக்குச் செய்தால் என்ன என்று வாய் கூசாமல் சொன்னேன். சிப்பாய்கள் அந்தப் படத்தைக் கைவண்டியில் வைத்துத் தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு போனார்கள், ஓவியர் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார், ஊரே கூடிவிட்டது. ரொட்டிக்கடைக்காரன், "கடலாம்ல! அப்போ நான் சுட்டுக் கருக்கின ரொட்டியும் கடல்தான்" என்றான். சபைக் காவலாளியின் மனைவி கிட்டே போய் மூக்கு உரசப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஆளுங்க போடுற ஸ்வெட்டர் பின்னுற தாளுய்யா, இந்த இடத்துல ஒரு கண்ணி விட்டிருக்காரு, பிரிஞ்சுபோகும்" என்று அடித்துச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் லெப்டினன்ட் என்னைக் கூப்பிட்டு, இந்தக் கோடுகளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். மீசை கூடச் சரியாக முளைக்காத பையன், ஆனால் பொறியியல் படித்தவன், புத்திசாலி. நான் நிற்கும் கோடு, படுத்த கோடு, குறுக்குக் கோடு என்று விளக்கினேன். ஓவியர் குறுக்கிட்டு, "அது கம்பம் இல்லீங்க. தண்ணி எந்நேரமும் அசைஞ்சுகிட்டே இருக்கு, ஆனா ரொம்ப நேரம் பார்த்தா ஒரு அசையாத அமைதி தெரியுது, அதைத்தான் போட்டிருக்கேன்" என்றார். லெப்டினன்ட் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "மேஸ்திரி, உங்க பதிவேட்டைக் கொண்டாங்க. இது பதிவேட்டோட ஒத்துப்போச்சுன்னா வரைபடம், இவர் ஒற்றர். ஒத்துப்போகலைன்னா வெறும் படம், அவர் வீட்டுக்குப் போகலாம்" என்றார். நான் வீட்டுக்கு வந்து பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்பதாம் வரிசைப் பக்கத்தைத் திறந்து படத்துக்குப் பக்கத்தில் வைத்தார், விரலால் இங்கேயும் அங்கேயும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "உங்க பக்கத்துல முனை முழுக்க நிக்குது, இவரு படத்துல பாதிக்கு மேல படுத்திருக்கு. உங்க பதிவேடு சரிதானே?" என்றார். இல்லை என்றால் நான் பொய்யன் என்று தெரிந்துபோகும், படம்தான் சரியான வரைபடம் என்று ஆனாலும் ஆகிவிடும், ஒரு மனிதன் சிறைக்குப் போவான். சரி என்றால் அவர் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன், அணை என்னவாகும் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. சரிதான் என்று சொன்னேன். ஓவியர் என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லைன்னா என் கதி என்னவாயிருக்கும்!" என்றார். அவரைக் காட்டிக்கொடுத்தவன் நான் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. இன்றுவரை நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் முதல் வாரம் அவர் ஊருக்குத் திரும்பினார், போகும்போது அந்தப் படத்துக்காக முதலில் போட்ட சின்னத் தாளை எனக்கு நன்றியாகக் கொடுத்துவிட்டுப் போனார். உன் அம்மா அதைச் சமையலறையில் கடிகாரத்துக்குக் கீழே ஆணி அடித்து மாட்டினாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை, ரொட்டியைக் கடித்தால் எதிரே அது, மோரைக் குடித்தால் எதிரே அது, படுத்த கோடு ஒவ்வொன்றும் என்னையே பார்ப்பது போல இருந்தது. நான் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பேன், கொஞ்ச நேரத்தில் அது மறுபடி நேராக இருக்கும். உன் அம்மாதான் திருப்புகிறாள், வேண்டுமென்றே திருப்புகிறாள், ஓவியர் அவளிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று சந்தேகப்பட்டேன். அவளைக் கேட்கவும் பயம். மூன்றாவது வாரம் வருஷத்திலேயே கடல் அதிகமாக வற்றுகிற நாள் வந்தது, இலையுதிர் காலச் சோதனை நாள். நான் அந்தத் தாளைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கோலும் மரத்தைக் குத்திப் பார்க்கிற கொத்தியும் எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஆளுக்கு எவ்வளவு தெரியும் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்ற வெறி, வேறு ஒரு நல்ல எண்ணமும் இல்லை.

பாதி தூரம் நடந்தேன், மீதி தூரம் தவழ்ந்தேன், அறுபத்தொரு வயதில் குழந்தை மாதிரி நாலு காலில், சத்தமாக வேதாகமச் சங்கீதம் பாடிக்கொண்டு. முதல் கம்பத்தைத் தட்டினேன், திடமாக இருந்தது. நாலாவது கம்பத்தில் கொத்தி கைப்பிடி வரை இறங்கியது. உள்ளே மரமே இல்லை, கம்பப்புழு தின்று தீர்த்துவிட்டு மேல்தோலை மட்டும் விட்டு வைத்திருந்தது. கரையிலிருந்து பார்த்தால் அத்தனையும் நிமிர்ந்துதான் நிற்கும், ஒரு நல்ல புயல் அடித்தால் ஒரே இரவில் அத்தனையும் போயிருக்கும். நாற்பத்தெட்டில் முப்பத்தொன்று அப்படி. பிறகு தாளை விரித்து ஒப்பிட்டேன், இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன், ஒரு இடத்தில் கூட ஒத்துப்போகவில்லை, நல்ல கம்பம் இருக்கிற இடத்தில் படுத்த கோடு, அழுகின இடத்தில் ஒன்றுமே இல்லை. அவர் சொன்னது சத்தியம், அவர் என் கம்பங்களைப் பார்க்கவே இல்லை, கடலைத்தான் பார்த்திருக்கிறார். வாரியமும் அனுப்பவில்லை, ஜெர்மானியக் கெய்சரும் அனுப்பவில்லை, நாலு மாதமாக நான் ஒரு அப்பாவியைத் துரத்தியிருக்கிறேன். அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து அழுதேன், மகளே, மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வாசலில் நின்றேன். உன் அம்மா வழக்கம்போல என் பூட்ஸைக் கழற்றக் குனிந்தாள், கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தாள், தண்ணீர் கொட்டியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு வருஷமா ஒன்பதாம் வரிசைக்குப் போயிட்டு வந்தேன்னு சொல்லுவீங்க, பூட்ஸ் காய்ஞ்சுபோய் இருக்கும். இன்னைக்குத்தாங்க நனைஞ்சிருக்கு" என்றாள். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன். "நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நான் கேட்டா பொய் சொல்லுவீங்க, அப்புறம் அந்தப் பொய்க்கு நானும் ஆளாயிடுவேன்" என்றாள். நான் ஊர் உலகத்தையே சந்தேகப்பட்டேன், அவள் ஒரே ஒரு ஆளைத்தான் சந்தேகப்பட்டாள், அது சரியாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் மிடில்பர்க் போய் வாரியத் தலைவர் முன்னால் பதிவேட்டை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல கம்பம் எத்தனை, கெட்டது எத்தனை என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அடுத்த வாரமே ஆட்கள் வந்தார்கள், சம்மட்டி அடிக்கிற சத்தம் இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறது, முப்பத்தொன்றில் இருபத்தாறு புதுக் கம்பம் இறங்கிவிட்டது, நவம்பர்ப் புயலுக்குள் மீதியும் இறங்கிவிடும். நானாகச் சொன்னதால் வழக்கு இல்லை. மேஸ்திரி வேலை போய்விட்டது, புத்தாண்டுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். புது மேஸ்திரி யார் தெரியுமா, கொர்னேலிஸ் ஃபெர்ஸ்லாயிஸ், உன் கல்யாணத்தில் இரண்டாவது தட்டு கேட்டவன். நல்லவன் என்கிறார்கள். அவன் முனை வரை போகிறானா என்று நான் தினமும் அணை மேலிருந்து பார்க்கிறேன், போகிறான்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அங்கே சபையில் யாராவது உன் அப்பா பொய்க் கோடு போட்டாராமே என்று கேட்டால் எனக்காகச் சண்டைக்குப் போகாதே, என் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்லாதே. ஆமாம், போட்டார் என்று சொல். யார் சொன்னது என்று கேட்டால் அவரேதான் எழுதியிருக்கிறார் என்று சொல். அந்த ஓவியருக்கும் நாளைக்கு எழுதப் போகிறேன், அவர் பிடித்துக் குலுக்கின கை எப்படிப்பட்ட கை என்று அவருக்குத் தெரிய வேண்டும், அதற்கப்புறம் அவர் விருப்பம். லெனாவின் இருமல் சீக்கிரம் தீரட்டும், மாப்பிள்ளைக்குக் கை நிறைய வேலையும் உனக்கு மன நிம்மதியும் கர்த்தர் தரட்டும், உங்கள் வாசலைத் தாண்டி எந்த வெள்ளமும் வராமல் அவர் காக்கட்டும். அடுத்த கடிதத்தை இந்த விலாசத்துக்குப் போடாதே, பெரியம்மா யான்னாவின் வீட்டுக்கு, தேவாலயத் தெருவுக்கு எழுது. அவள் காப்பியில் தண்ணீர் அதிகம், இருந்தாலும் இரண்டு அறை கொடுக்கிறாள்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
கிரைன் மிண்டர்ஹவுட்

நெல்லா, ஓரத்தில் இடம் இருக்கிறது என்பதால் இதை நான் எழுதுகிறேன். அவர் எழுதியது முழுவதையும் படித்துவிட்டேன், அவர் ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. முப்பத்தொன்று என்பதும் சரிதான், அவர் மிடில்பர்க் போயிருந்த அன்று நானே அந்த முனை வரை போய்த் தட்டிப் பார்த்து எண்ணிவிட்டு வந்தேன். அவரிடம் சொல்லிவிடாதே. – அம்மா